ஏழாம் கல்வெட்டில் தண்ணீர் வரவில்லை

அலுவலகக் காகிதத்தில் அவள் வேலைக்குச் 'சாலைப் பணியாளர்' என்று பெயர். மலைப்பாதையில் மூன்று கிலோமீட்டர் அவள் பொறுப்பு. ரோட்டுக்கு மேலே சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். ரோட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கு. மேலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் ரோட்டை அறுத்துவிடாமல் அடியில் நுழைந்து போவதற்காக அந்த மூன்று கிலோமீட்டருக்குள் பதினோரு குழாய்ப் பாலங்கள் உண்டு. என்ஜினியர்கள் அவற்றைக் கல்வெர்ட் என்பார்கள். மண்வெட்டி பிடிப்பவர்கள் வாயில் அது எப்போதோ கல்வெட்டு ஆகிவிட்டது.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார், குழாய்க்குள்ளிருந்து தலையெல்லாம் சேறாக வெளியே வந்தவளைப் பார்த்துக் கேலியாகக் கேட்டார்: "என்னம்மா, கல்வெட்டுல ராஜா பேரு ஏதாவது எழுதியிருக்கா?"

"ராஜா பேரு இல்லீங்க. மேல யாரு வயல்ல கட்டு உடைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

வாத்தியார் சிரித்துச் சிரித்துப் பஸ்ஸைத் தவறவிட்டார். அன்றிலிருந்து அவள் கல்வெட்டக்கா.

அந்த வேலை அவள் புருஷன் பார்த்தது. மஞ்சள் காமாலை வந்து பன்னிரண்டே நாளில் அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பெண் குழந்தைகள் இரண்டு, மூத்தவளுக்கு ஏழு, இளையவளுக்கு நாலு. துறையில் கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அப்போதிருந்த ஓவர்சியர் நல்ல மனுஷர். "ஏம்மா, ஆபீஸ்ல கூட்டிப் பெருக்குற வேலை ஒண்ணு காலியா இருக்கு. மழையில நனைய வேண்டாம். அதுக்குப் போறியா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள்: "அவரு பாத்த வேலையே குடுங்க சார். எட்டு வருஷம் சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேன். எங்க போனாரு, என்ன செஞ்சாருன்னு ஒருநாள்கூடப் போய்ப் பாக்கல. அதையாவது பாத்துக்கறேன்."

அவளோடு ஜோடி சேர்ந்த ஆள் நெட்டையர். ஆறடி இரண்டங்குலம், முதுகு வலிக்காரர். குழாயோ இரண்டரை அடி அகலம். ஆகவே உள்ளே ஊர்ந்து போய் மண்ணை வழிப்பது அவள் பங்கு, வெளியே நின்று சட்டி சட்டியாக வாங்கிக் கொட்டுவது அவர் பங்கு என்று முதல் வாரமே பேச்சில்லாமல் தீர்மானமாகிவிட்டது. "கடவுள் என்னை லைட் கம்பம் நடுற வேலைக்குப் படைச்சாரு. ஆர்டர் மாறி இங்க வந்துட்டேன்" என்பார் அவர்.

குழாய்க்குள் படுத்துக்கொண்டு மண் வழிக்கிறவளுக்கு மண்ணைத் தவிர பார்க்க வேறு என்ன இருக்கிறது? ஒரு வருஷத்திலேயே ஒரு கல்வெட்டின் மண் இன்னொன்றின் மண் போல இல்லை என்று கண்டுகொண்டாள். இரண்டாம் கல்வெட்டில் ஒரு பெருமழைக்கு அறுபது சட்டி செம்மண் வரும். ஏனென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். அந்தச் சரிவுக்காரர் படி வெட்டாமல் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் பாத்தி போட்டு உருளைக்கிழங்கு நட்டிருந்தார். தண்ணீருக்கு அது ராஜபாட்டை. பாத்திக்குப் பாத்தி குடுகுடுவென்று ஓடி, நல்ல மண்ணையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிடும். மூன்று வருஷத்தில் அவர் வயலில் மண் போய்ப் பாறை பல்லை இளித்தது. மனுஷர் சுதாரித்துக்கொண்டு சரிவைப் படிகளாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல்லுக்கட்டு வைத்தார். அடுத்த மழைக்கு முப்பது சட்டி. அதற்கடுத்த வருஷம் பன்னிரண்டு. ஓடுகிற தண்ணீரை உட்கார வைத்தால் அது மண்ணைத் தூக்காது என்று அவளுக்குப் புரிந்தது அப்படித்தான்.

ஆனால் படி வெட்டினால் மட்டும் போதாது என்பதைச் சொல்லிக்கொடுத்தது ஒன்பதாம் கல்வெட்டு. அதற்கு மேலே இருந்தவை அருமையான படிகள், எந்தக் காலத்திலேயோ கட்டியவை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிழைப்பைத் தேடி நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். வாய்க்காலில் புல் அடைத்தது; கல்லுக்கட்டுக்குள் மரவேர் நுழைந்தது; ஒரு கல் விழுந்த இடத்தில் அடுத்த மழைக்கு நாலு கல் விழுந்தது. ஆளில்லாத படிகள் வெறும் சரிவைவிட மோசம். ஒன்பதில் மண்ணோடு தலை பெரிசு கற்களும் வந்தன. ஒருமுறை ஒரு கல் அவள் தோளை உரசிக்கொண்டு போனது.

ஏழாம் கல்வெட்டுதான் அவளுக்குச் செல்லம். அதற்கு மேலே மொத்தம் எட்டுப் படிகள். ரோட்டை ஒட்டிய மூன்றும் இரண்டு ஓரகத்திகளுடையவை. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட அந்த இருவருக்கும் பதினாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் 'அவ பக்கத்துக் கட்டு சரிஞ்சு என் பக்கம் விழுந்துச்சுன்னு ஒரு சொல் வந்துடக் கூடாது' என்று ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு, கல்லுக்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். அவர்கள் சண்டையால் ரோடு பிழைத்தது என்பார் நெட்டையர். அதற்கு மேலே ஐந்து படிகள், உச்சியில் ஓட்டு வீடு ஒன்று. எந்த மழைக்கும் ஏழில் தண்ணீர் ஒரே சீராக, கிட்டத்தட்டத் தெளிவாக வரும். மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் விரல் பருமனில் ஓடிக்கொண்டிருக்கும். அவளும் நெட்டையரும் அங்கேதான் கைகால் கழுவி, சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்கள்.

இப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. மூத்தவள் கல்யாணமாகிப் போனாள். இளையவள் மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள்.

அந்த வருஷம் மழை வழக்கத்தைவிட முன்னதாக வந்து, போக மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவளும் நெட்டையரும் மழைக்கோட்டும் மண்வெட்டியுமாகக் கிளம்பினார்கள். ஒன்று முதல் ஆறு வரை எல்லாக் குழாயும் மூச்சுத் திணறத் திணறத் தண்ணீரைக் கக்கின. ஏழுக்கு வந்தார்கள்.

ஏழு காய்ந்து கிடந்தது.

நெட்டையர் குனிய முடியாமல் குனிந்து பார்த்தார். "அடைப்பு இல்ல. சுத்தமா இருக்கு. நல்லதுதானேம்மா, இன்னிக்கு ஒரு வேலை மிச்சம்."

"இல்லண்ணே" என்றாள். "பசிக்கு அழற பிள்ளையைப் பத்திப் பயமில்ல. அழாமக் கிடந்தாத்தான் பயம். மேல இம்புட்டு மழை பெய்யுது. அந்தத் தண்ணி எங்க போச்சு?"

நெட்டையர் அண்ணாந்து பார்த்தார். மேகம் படிகளை மூடியிருந்தது. "போறதுன்னா மலைக்குள்ளதான் போகணும்" என்றார், குரல் இறங்கி.

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஏறினாள். ஓரகத்திகளின் மூன்று படிகளும் எப்போதும் போலத் துப்புரவாக இருந்தன; ஆனால் மேலிருந்து இறங்கும் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலாம் படியின் கல்லுக்கட்டைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். அது புத்தம் புதிதாகப் பளபளத்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி, வெள்ளைக் கோடு போட்டிருந்தது. நடுப்பகுதி ஆறு மாதக் கர்ப்பிணி போல முன்னால் தள்ளியிருந்தது.

மேலே இருந்த ஐந்து படிகளையும் வீட்டையும் போன வருஷம் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வாங்கியிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் இதே மலைப்பாதையில் விசில் ஊதியவர். அவள் சத்தம் கேட்டுக் குடையோடு வெளியே வந்தார்.

"வாம்மா, வா! கட்டு எப்படி இருக்கு பாத்தியா? நானே பூசுனது. எலி, பாம்பு ஒண்ணும் நுழையாது" என்றார் பூரிப்பாக. "முப்பத்திரண்டு வருஷம் ஓடுற வண்டியில நின்னேம்மா. இப்பத்தான் நிக்கிற இடத்துல நிக்கிறேன்."

அவள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, படிக்கு உள்பக்கம், மலையை ஒட்டி ஒரு வாய்க்கால் இருக்குமே?"

"அதை மண்ணு போட்டுத் தூத்துட்டேன். சும்மா கிடந்த இடம். இப்ப ரெண்டு வரிசை கேரட் கூட வருது."

அவள் நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள். மேலே விழுகிற தண்ணீரை உள்வாய்க்கால்தான் ஓரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். மண்ணில் ஊறிய மிச்சத்தைக் கல் இடுக்குதான் கசியவிடும். அவர் வாசலையும் அடைத்துவிட்டார், ஜன்னலையும் அடைத்துவிட்டார். மூன்று வார மழை இப்போது அவர் கேரட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. ஊறிய மண் சும்மா இருக்காது, கட்டைத் தள்ளும். "நீங்க நிக்கிற இடமே கிளம்பப் பாக்குதுண்ணே" என்றும் சொல்லிவிட்டாள்.

கண்டக்டருக்கு முகம் சிவந்தது. ஓய்வூதியப் பணம் எல்லாவற்றையும் கொட்டி வாங்கிய இடம் அது. "ஏம்மா, உன் வேலை ரோட்டோட. ரோட்டைப் பாரு. என் வயலைப் பாக்க எனக்குத் தெரியும். டிக்கெட் இல்லாம ஏறுனவங்களை நான் இறக்கிவிட்டுத்தான் பழக்கம்."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது; மழை என்பதால் நெட்டையருக்குத் தெரியவில்லை. தெரிந்தும் தெரியாதது போல இருந்தாரோ என்னவோ, தன் பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி நீட்டினார்.

மத்தியானம் ஓவர்சியருக்குப் போன் போட்டாள். இப்போதிருந்தவர் சின்ன வயசுக்காரர், அவளை அக்கா என்றே கூப்பிடுவார். "அக்கா, அது பட்டா நிலம். நம்மளால கைவைக்க முடியாது. இங்க பதினாறாவது கிலோமீட்டர்ல மரம் விழுந்து கிடக்கு. நாளைக்குக் காலையில நானே வந்து பேசறேன்" என்றார். அவர்மேல் குற்றமில்லை, அன்று அவருக்குப் பத்துக் கை இருந்தாலும் போதாது.

வீட்டுக்கு வந்தும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இளையவள் கேட்டாள், "அவரு அப்படிப் பேசினப்புறமும் உனக்கு என்னம்மா கவலை?"

"அந்த வீட்டுல அவரு மட்டுமா இருக்காரு? அவரு சம்சாரம் இருக்கு. கீழ அந்த ரெண்டு சண்டைக்கோழிங்க இருக்காங்க. ஒன்பதரை மணி பஸ்ல நீ இருக்க."

மறுநாள் விடிந்ததும் அவள் திரும்ப ஏறினாள். இந்த முறை கண்டக்டரைத் தேடவில்லை. வீட்டின் பின்பக்கம் போய்ச் சமையலறைக் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ கதவைத் தள்ளுவதும் இழுப்பதும் கேட்டது. கதவு தரையில் உரசி, கிறீச்சிட்டு, பாதி திறந்தது. கண்டக்டரின் மனைவி எட்டிப் பார்த்தாள், கையில் கரண்டி.

"பொறுத்துக்க தங்கச்சி. இந்தக் கதவு ஒரு தொல்லை. மழைக்கு உப்பிக்கிச்சுன்னு இவரு ரெண்டு தடவை அடியில செதுக்கிட்டாரு. செதுக்கச் செதுக்க மறுபடியும் இடிக்குது."

அவள் குனிந்து கதவைப் பார்த்தாள். மரம் உப்பவில்லை. ஒரு பக்கம் தரையில் உரச, மறுபக்கம் இரண்டு விரல் நுழையும்படி இடைவெளி. "அண்ணி, கதவு சரியாத்தான் இருக்கு. சுவர்தான் சாயுது" என்றாள் மெதுவாக. பிறகு, "என்கூட ஒரு நிமிஷம் வாங்க" என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்து நாலு எட்டு நடந்தாள். வீட்டுக்குக் கீழ்ப்படியில், கேரட் பாத்திக்கு நடுவே, அரிவாள் வடிவத்தில் வளைந்து ஒரு வெடிப்பு ஓடியது. கண்டக்டரின் மனைவி கரண்டிக் காம்பை அதற்குள் விட்டுப் பார்த்தாள். காம்பு முழுசும் உள்ளே போயிற்று.

அந்த அம்மாள் கத்தவில்லை, அழவில்லை. வீட்டைப் பார்த்து, "ஏங்க!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலை அவர் இரண்டு முறைதான் கேட்டிருப்பார் போல. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடி வந்தார்.

வெடிப்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடியும் வெடிப்பைப் பார்த்தார். நேற்றைய பேச்சு ஒன்றும் இப்போது அவரிடம் இல்லை. கன்னத்தில் வழிந்த நுரையைத் துடைக்காமலே, "என்ன செய்யணும், சொல்லும்மா" என்றார்.

"உள்வாய்க்காலைத் திறக்கணும். கட்டுல நீங்க பூசுன சிமெண்டை உடைக்கணும். கட்டுக்கு நேர் எதிர நிக்காதீங்க, பக்கவாட்டுல நின்னு உடைங்க. அதுக்கு முன்னாடி வீட்டை விட்டு எல்லாரும் வெளிய."

அவள் அங்கிருந்தே ஓவர்சியருக்குப் போன் செய்தாள். வெடிப்பின் நீளத்தையும் கரண்டிக் காம்பையும் பற்றிச் சொன்னதும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ரெண்டு பக்கமும் ரோட்டை அடைக்கச் சொல்றேன் அக்கா. நெட்டையரைச் சிவப்புக் கொடியோட நிக்கச் சொல்லுங்க. நான் கிளம்பிட்டேன்." ஒன்பதரை மணி பஸ் அரை கிலோமீட்டருக்கு முன்னால் நின்றது. இளையவள் பஸ்ஸிலிருந்து போன் பண்ணி, "அம்மா, நீ நிறுத்தின பஸ்ல எல்லாரும் உன்னைத்தான் திட்டறாங்க" என்றாள். "திட்டட்டும். உயிரோட திட்டட்டும்" என்று வைத்துவிட்டாள் இவள்.

கீழ்ப்படிகளிலிருந்து ஓரகத்திகள் இருவரையும் வெளியேற்றியதுதான் பெரும்பாடு. ஒருத்தி போனால்தான் மற்றவள் போவாள் என்று இருவருமே நின்றார்கள். கடைசியில் ஆளுக்கொரு ஆட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

கண்டக்டர் கடப்பாரையை எடுத்தார். தான் பூசிய சிமெண்டைத் தானே உடைத்தார். ஒவ்வொரு குத்துக்கும் அவர் முகம் கோணியது. பெற்ற பிள்ளையை அடிக்கிறவர் மாதிரி. முதல் இடுக்கு திறந்ததும் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு அவர் மார்பில் அடித்தது. அவளும் அவர் மனைவியும் உள்வாய்க்காலைத் தோண்டினார்கள். இரண்டு வரிசைக் கேரட்டும் மண்ணோடு மண்ணாகப் போயின. நாலு மணி நேரம். கையில் கொப்புளம் வந்து உடைந்தது. பன்னிரண்டு மணி சுமாருக்குக் கீழேயிருந்து நெட்டையரின் குரல், மலையே கேட்கும்படி: "ஏழு ஓடுது! ஏழு ஓடுது!"

ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டு, எல்லாரும் உடனே ஒதுங்கிப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பள்ளிக்கூட வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. ஒரு லாரி ஜல்லியை மெதுவாகச் சாய்த்துக் கொட்டுகிற மாதிரி.

கண்டக்டரின் கீழ் இரண்டு படிகள் போய்விட்டன. பூசிய சுவரும் வெள்ளைக் கோடும் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் அதற்கு மேல் சரிவு அசையவில்லை. வெடிப்பு வெடிப்பாகவே நின்றது. வீடு அரைச் சாய்வில் அப்படியே இருந்தது. இறங்கிய மண் ஓரகத்திகளின் மூன்று படிகளிலும் மடக்கி மடக்கி உட்கார்ந்துவிட்டது. பதினாலு வருஷப் போட்டியில் இறுகிய அந்தக் கல்லுக்கட்டில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. ரோட்டுக்கு வந்தது கணுக்காலளவு சேறுதான். மேலே தேங்கிய தண்ணீரில் பாதியாவது மூன்று மணிக்கு முன்னால் இறங்கியிராவிட்டால் எட்டுப் படியும் வீடும் ரோடும் சேர்ந்து பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும் என்றார் ஓவர்சியர்.

அன்று சாயங்காலம் ஓரகத்திகள் பதினாலு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள். "உன் பீன்ஸுதான் அதிகம் போச்சு" என்றாள் ஒருத்தி. "இல்ல, உன்னுதுதான்" என்றாள் மற்றவள். அதுவும் சண்டை மாதிரிதான் கேட்டது. ஆனால் இருவரும் ஒரே தம்ளரில் தேநீர் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, அவளும் நெட்டையரும் ரோட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்தார். அவர் மனைவியும் கூட வந்தாள். ஒரு சாக்கில் சேற்றிலிருந்து பொறுக்கி எடுத்துக் கழுவிய கேரட். கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார். காதைச் சொறிந்தார். "முன்னால போங்க, முன்னால போங்கன்னு சொல்லிச் சொல்லியே வேற பேச்சு பழகலம்மா எனக்கு. நன்றி எப்படிச் சொல்றதுன்னு தெரியல. டிக்கெட்டு, அது இதுன்னு என்னென்னவோ பேசிட்டேன்."

அவள் மண்வெட்டியைச் சாத்தி வைத்தாள். "அண்ணே, நான்தான் உங்களுக்குச் சொல்லணும். அன்னிக்கு மத்தியானம் எங்க முறைப்படி எட்டாம் கல்வெட்டு. ஏழுக்கு முப்பதடி தள்ளி. நான் உள்ள படுத்திருப்பேன், இவரு வெளிய நின்னிருப்பாரு. நீங்க வீம்பா உக்காந்திருந்தா எங்களைத் தோண்டி எடுக்க ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். தப்புன்னு தெரிஞ்ச நிமிஷமே கடப்பாரையை எடுத்தீங்க பாருங்க, அது எத்தனை பேருக்கு வரும்?"

"அதெப்படி? நீ ஏறி வந்ததாலதானே?"

"நீங்க உடைச்சதாலதானே?"

"போதும், போதும்" என்றார் நெட்டையர். "ரெண்டு பேரும் எனக்கு நன்றி சொல்லுங்க. ஆறு மணி நேரம் கொடி பிடிச்சிருக்கேன்." சாக்கிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தார்.

கண்டக்டரின் மனைவி அருகில் வந்து, கொப்புளம் உடைந்த அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, தன் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மழை விட்டதும் படிகளைத் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை சிமெண்ட் இல்லை. கல்மேல் கல், இடுக்கு இடுக்காக, கட்டுக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி. உள்வாய்க்கால் முன்னைவிட ஆழம். ஓவர்சியர் அவளிடம் வந்து, மழைக்கு முன் மாதம் ஒருமுறை எல்லாப் படிகளையும் அவள் நடந்து பார்த்துச் சொல்லலாமா என்று கேட்டார். உத்தரவாக இல்லை, கேள்வியாகத்தான். அவள் ஒப்புக்கொண்டாள். குடையும் தேநீர்ப் பிளாஸ்க்குமாக அவள் ஏறினால், வயல்காரர்கள் முதலில் வாய்க்காலைக் காட்டிவிட்டுத்தான் "உக்காரு அக்கா" என்றார்கள்.

பாக்கியிருந்தது ஒன்பதுதான். ஆளில்லாத படிகள். அதைக் கையில் எடுத்தவர் கண்டக்டர். மலையில் யார் வீட்டுப் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்பது முப்பத்திரண்டு வருஷம் அவர்கள் எல்லாரையும் ஏற்றி இறக்கியவருக்குத் தெரியாதா? ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். "டேய், நீ ஆறாவது படிக்கிறப்ப அரை டிக்கெட்டுக்கு அழுதியே, அந்தக் கண்டக்டர் பேசறேன்" என்று ஆரம்பித்தால் யார்தான் மறுப்பார்கள்? ஏழு சொந்தக்காரர்களில் ஆறு பேர், யார் வேண்டுமானாலும் பயிர் வைத்துக்கொள்ளலாம், கட்டைக் காப்பாற்றினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏழாமவர் எழுதித் தரவில்லை. கண் கலங்கி, தானே லீவு போட்டு வருவதாகச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினைந்து பேர் ஒன்பதாம் கல்வெட்டுக்கு மேலே கூடினார்கள். இளையவளும் விடுமுறை கேட்டு வந்திருந்தாள். புதரை வெட்டி விலக்கியபோது அடியிலிருந்து பழைய கல்லுக்கட்டு வெளிப்பட்டது. மேல்வரிசைகள் சரிந்து கிடந்தாலும் அடிவரிசை அப்படியே இருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் தூக்க வேண்டிய கல். எல்லாக் கல்லும் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்து, ஒன்றன் இடுப்பில் ஒன்று உட்கார்ந்திருந்தது. கல்வெட்டக்கா மண்டியிட்டு மண்ணை வழித்தாள். கீழே, பின்னால் எங்கோ தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷமும் யாரும் பார்க்காதபோதும் அந்த அடிவரிசை தன் பாட்டுக்குத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மேல் சரிவு மொத்தமும் ஒருநாள் அவள்மேல் இறங்காமல் இருந்தது இதனால்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"யாரு கட்டினதும்மா இது?" என்றாள் இளையவள்.

"யாரு கண்டா? யாரோ பெத்த பிள்ளைங்க. எத்தனை நகம் பேந்துச்சோ" என்றாள். கையிலிருந்த மண்ணோடே அந்தக் கல்லைத் தடவிக் கொடுத்தாள். "நல்லா இருங்கப்பா, எங்க இருந்தாலும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் புதைந்து கிடந்த ஒரு கல்லின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பிடித்தாள். கல் நல்ல கனம். இருவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கி, மெல்லத் திருப்பி, அடிவரிசையின் மேல் இறக்கினார்கள். அது ஆடியது. அவள் குனிந்து, சாய்வு பார்த்து, அடியில் ஒரு சில்லுக்கல்லைச் செருகினாள். ஆட்டம் நின்றது.

"அடுத்தது" என்றாள்.